கன்று மாண்ட பின் ஒலிக்கும் மணி

திருவாரூர்ப் பசு மணியடித்த கதையைத் தமிழ் பயின்றோர் பெருமிதமின்றிச் சொல்வதில்லை. அரண்மனை வாயிலில் ஒரு மணி. அதில் தொங்கும் ஒரு கயிறு. குறையுடையோர் எவராயினும், வாயில்லாப் பசுவேயாயினும், அதனை இழுக்கலாம். இழுத்த மாத்திரத்தில் வேந்தனே எழுந்து வருவான். குடிகளின் குறை அரசன் செவியை எட்ட இத்தனை நேரான வழியை வேறெந்த இனம் கண்டது என்று மேடையில் முழங்குவோரும் உண்டு. முழங்கட்டும். ஆயினும் இக்கதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவரும் நமக்குச் சில காலமாக ஓர் உறுத்தல். அந்த மணி ஒலித்தபோது கன்று இறந்துவிட்டிருந்தது. தேர்க்கால் ஏறி இறங்கிய பின்னர்தான் கயிறு இழுக்கப்பட்டது. அதன் பின் நடந்தவை யாவும் நீதி; ஒப்பற்ற நீதியே. மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வீதியில் தேர் செல்லும் விதத்தை முன்பே கண்டு அஞ்சியவர் ஒருவரேனும் இருந்திருக்கக் கூடும். கதை அவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் வாழ்வோர்க்கு இது வெறும் இலக்கிய ஐயப்பாடு அன்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17 அன்று ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் 14 பேர். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர். அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜனவரி 4 அன்று பொம்மையாபுரத்தில் 6 பேர். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. முழுப் பட்டியல் இதுவன்று. நினைவிலிருந்து எழுதும்போது வந்து விழுந்த பெயர்கள் மட்டுமே. ஒவ்வொரு முறையும் ஆராய்ச்சி மணி தவறாமல் ஒலித்தது. இரங்கல் செய்தி, நிவாரணத் தொகை, வழக்கு, கைது, உரிமம் நிறுத்தம், விசாரணைக் குழு. இவற்றுள் எதனையும் நாம் குறை சொல்லவில்லை. இவை யாவும் கன்று மாண்ட பின் நடப்பவை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இலக்கியம் பேசக் கூடுமிடத்தில் பட்டாசு ஆலைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் வகுப்பறைகளில் சங்கப் பாடல் கேட்டு அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரின் கல்விக் கட்டணம் மருந்து படிந்த கைகளிலிருந்து வருகிறது என்பதை அறிந்தவர்கள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். தவிரவும், நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சொல் பற்றிய சிக்கல். சொல்லப்பட வேண்டிய ஒரு சொல் எங்கே தடைப்படுகிறது, ஏன் தடைப்படுகிறது என்பதே கேள்வி. இதில் மொழி படித்தவர்க்கும் கொஞ்சம் பங்குண்டு என்று நம்புகிறோம்.

முதலிப்பட்டியை எடுத்துக்கொள்வோம். அந்த ஆலையின் உரிமம், விதிமீறல்கள் காரணமாக, விபத்துக்குச் சிறிது முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அப்போது அதிகாரிகள் தரப்பிலேயே கூறப்பட்டது. அதாவது, சிக்கல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டவர் எழுதியும் விட்டார். கோப்பில் ஏறியும் விட்டது. இருந்தும் தீபாவளிக்கு முந்தைய பரபரப்பில் அந்த நாளும் வேலை நடந்தது. வழக்கம்போலத் தொழிலாளர்கள் அறைகளுக்குள் சென்று அமர்ந்தார்கள். தாள் அறிந்ததை அறை அறியவில்லை. தீ மூண்டதும் உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார் பலரும் மாண்டவர்களுள் அடங்குவர். அடுத்த அறைகளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

மறுபுறம், அறை அறிவது தாளுக்கு எட்டுவதில்லை. இதுதான் நம் கட்டுரையின் பொருள். மருந்தைக் கையால் தொடுகிறவருக்குத் தெரிவது எந்த ஆய்வாளருக்கும் தெரியாது. அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறத் தொடங்கும்; மெல்ல அம்மோனியா வாடை எழும். முந்தைய நாள் மிஞ்சிய கலவையை மறுநாள் எடுக்கக்கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது. நம் பகுதியில் இதனை 'மருந்து நீர்த்துப்போச்சு' என்பார்கள். பேன்சி ரகங்களுக்கு உருட்டும் மணி மருந்து நீர்த்துப்போய் வெடித்தது என்ற செய்தியை நாளிதழ்களில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். (மணி மருந்து! பெயரிலேயே மணி இருக்கிறது, ஒலிக்கத்தான் காணோம்.) அந்தச் சூட்டை முதலில் உணர்வது யார்? உள்ளங்கை. அந்த வாடையை முதலில் நுகர்வது யார்? அறைக்குள் இருக்கும் பெண். வெப்பமானியும் கருவியும் வருவதற்கு முன்பே செய்தி அவரிடம் வந்துவிடுகிறது.

அவர் சொல்கிறாரா? நம் மாணவர்கள் சிலர் தம் வீட்டில் கேட்டதாகச் சொன்னவற்றைத் தொகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய இதுதான். "அண்ணாச்சி, மருந்து கொஞ்சம் சூடாத் தெரியுது" என்பார். "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் தாயி, நீ வேலையப் பாரு" என்று பதில் வரும். இரண்டாம் முறை சொன்னால் "பயமா இருந்தா வீட்ல இரு" என்று வரும். மூன்றாம் முறை அவர் சொல்வதில்லை. இதில் போர்மேனைக் கொடியவராகக் காட்டுவது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. அவரும் ஒரு கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

கணக்கைப் பார்ப்போம். கூலி பெரும்பாலும் செய்து முடித்த எண்ணிக்கைக்குத்தான், குரோஸ் கணக்கு. கை நின்றால் கூலி நிற்கும். ஆபத்தைச் சொன்னவர் வேலையை நிறுத்த நேர்ந்தால் முதலில் இழப்பவர் அவரே. அடுத்து அதே அறையில் இருப்பவர்கள். ஆகவே அவர் வாயை அடைப்பது முதலாளி மட்டுமன்று, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியின் பசியும்தான். இது முதல் பூட்டு.

இரண்டாவது, இன்னும் இறுக்கமானது: உள்குத்தகை. சிறு ஆலைகளுக்கு மாவட்ட வருவாய் அலுவலர் தரும் உரிமம், அடுத்த நிலைக்குச் சென்னை, பெரிய ஆலைகளுக்கு நாக்பூர் என்று உரிமங்கள் பல தரத்தின. டி.ஆர்.ஓ. லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று ஊரில் பேசிக்கொள்வது இவற்றைத்தான். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பிரித்து வேறு பலருக்கு விடுவது சட்டப்படி கூடாது. ஆயினும் அச்சங்குளம் விபத்துக்குப் பின் எழுந்த பேச்செல்லாம் இந்த உள்குத்தகையைச் சுற்றியே இருந்தது. அறைக்கு நான்கு பேர் என்ற விதி மீறப்படுவதும், இடமில்லாமல் மரத்தடியில் வைத்து வேலை நடப்பதும் பெரும்பாலும் இதன் பிள்ளைகள். இத்தகைய ஆலையில் ஒரு பெண் துணிந்து கயிற்றை இழுத்தால்தான் என்ன? மறுமுனையில் மணியே இல்லை. அறையை எடுத்தவர் உரிமக்காரரைக் காட்டுவார். உரிமக்காரர் தமக்கும் அந்த அறைக்கும் தொடர்பே இல்லையென்பார். சிக்கல் இருக்கிறது, சிக்கலுக்கு உடையவர் இல்லை.

மூன்றாம் பூட்டைப் பற்றி எவரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நம் ஊரில் ஒரு குறை வெளியே தெரிந்தால் அதற்குக் கிடைக்கும் ஒரே மருந்து மூடல். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பின், ஆலைகள் மாதக்கணக்கில் கதவடைத்துக் கிடந்ததை இங்குள்ள எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. அடகுக் கடைகளில் கூட்டம் சேர்ந்தது. ஆய்வுக்குழு வருகிறதென்ற செய்தி பரவினால் ஆலைகள் தாமாகவே பூட்டிக்கொள்வதும் நடக்கிறது. இந்நிலையில் தொழிலாளியின் கண்ணுக்கு எது பெரிய ஆபத்து? வெடிப்பது 'வந்தாலும் வரலாம்' என்ற வகை. மூடுவது நிச்சயம். சின்னக் குறையைச் சொன்னால் பெரிய பூட்டு விழும் என்றால் சின்னக் குறை வளரத்தான் செய்யும். ஆய்வு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை; உள்குத்தகையைப் பிடிக்க ஆய்வைத் தவிர வேறு வழியுமில்லை. ஆனால் ஆய்வாளர் ஆண்டில் சில மணி நேரம் இருப்பவர். மருந்து ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறது.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, அபாயகரமான தொழில்களில் இருப்போர்க்கு உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமை தனிப் பிரிவாகவே சேர்க்கப்பட்டது. தொழிலாளி நிர்வாகத்திடம் சொல்லலாம். அதே வேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். நிர்வாகம் உடனே சரிசெய்தாக வேண்டும். ஆபத்து ஏதுமில்லையெனக் கருதினால் முடிவை ஆய்வாளரிடம் விட வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இடம்பெற்றிருக்கிறது. அழகான பிரிவு. அழகுத் தமிழில் மொழிபெயர்த்தும் விடலாம். ஆனால் உரிமை என்பது பயன்படுத்துபவர் இழப்பதற்கு ஏதுமில்லாதபோதுதான் உரிமை. குரோஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது துணிச்சல். ஒவ்வொரு நாளும் எவராலும் துணிச்சலாக இருக்க முடியாது.

இங்கே வள்ளுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தம் செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்கும் பண்பை இறைமாட்சி அதிகாரத்தில் வேந்தனின் இலக்கணமாகவே வைக்கிறார். இடித்துரைப்போர் இல்லாத மன்னன் பகைவர் இன்றியே கெடுவான் என்பதைப் பெரியாரைத் துணைக்கோடலில் சொல்கிறார். நாம் கவனிக்க வேண்டியது, இவ்விரண்டு இடங்களிலும் அவர் பொறுப்பை எவர் மேல் வைக்கிறார் என்பதை. பேசுகிறவனுக்கு வீரம் வேண்டுமென்று அவர் அங்கே கேட்கவில்லை. கேட்கிறவனுக்குச் செவி வேண்டும் என்கிறார். நம் பாதுகாப்பு வகுப்புகளும் விழிப்புணர்வுப் பலகைகளும் இதற்கு நேர்மாறாக, தொழிலாளியை நோக்கியே விரல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ரப்பர் விரிப்பில் அமர், செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வா, பருத்தி ஆடை உடுத்து... யாவும் தேவையே. ஆனால் 'சூடாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று முதலாளிக்கும் போர்மேனுக்கும் சொல்லும் பலகை ஒன்றை நாம் இதுவரை எங்கும் கண்டதில்லை.

வெளியே இதனை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வெகுதூரம் போகுமுன் நம் மாவட்டத்துச் சத்திரப்பட்டியைப் பார்க்கலாம். மருத்துவமனைக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்யும் ஊர்; விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். தறியில் நூல் அறுந்ததைக் கவனியாமல் ஓட்டினால் துணி முழுதும் பாழ் என்பது அங்கே சிறுவருக்கும் தெரியும். ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர், நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை ஆக்கினார். 1924இல் வந்த அவர் தறி உலகப்புகழ் பெற்றது. அந்தக் குடும்பம் கார் செய்யத் தொடங்கியபோது தறியின் குணத்தை மனிதருக்குக் கொடுத்தது. ஓடும் உற்பத்தி வரிசையின் மேலே ஒரு கயிறு. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்தால் விளக்கெரியும், குழுத்தலைவர் ஓடிவருவார். அந்த விளக்குப் பலகைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் நம் காதில் 'ஆண்டான்' என்று விழுகிறது. ஆண்டானும் அடிமையும் என்றே பேசிப் பழகிய நமக்கு, தொழிலாளி இழுத்தால் எரிவதற்குப் பெயர் ஆண்டான் என்பது வேடிக்கைதான்.

இக்கயிற்றைப் பற்றி எழுதுவோர் பலரும் தவறவிடும் செய்தி ஒன்றுண்டு. இழுத்தவுடன் வரிசை நின்றுவிடுவதில்லை. குழுத்தலைவர் முதலில் வந்து, இழுத்தவர்க்கு நன்றி சொல்லி, என்னவென்று பார்க்கிறார்; குறித்த இடத்தை வண்டி கடப்பதற்குள் சரிசெய்ய முடிந்தால் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும்; முடியாவிட்டால்தான் நிற்கும். ஆகவே 'ஆளாளுக்கு வேலையை நிறுத்தினால் தொழில் என்னாவது' என்று நம்மூர் அண்ணாச்சிகள் கேட்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது. சொன்னால் நிற்கும் என்பதைவிட, சொன்னால் ஒருவர் வருவார் என்பதே அதன் உயிர்நாடி. அறைக்கு ஒரு மணி போதாது. மணி கேட்டால் வந்து நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அறையிலிருப்போரை வெளியே அனுப்பும் அதிகாரமும் வேண்டும்.

ஆனால் டொயோட்டா ஒரே நிறுவனம், ஒரே கூரை. இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள், ஆயிரம் வேலிகள். ஓர் ஆலையில் ஒரு மருந்து புகைந்து, நல்லவேளையாக மணல் கொட்டி அணைத்துவிட்டால் அந்தச் செய்தி அந்த வேலிக்குள்ளேயே புதைக்கப்படுகிறது. அடுத்த வாரம் அடுத்த ஊரில் அதே மருந்து வேறொருவர் கையில் வெடிக்கிறது. நம் நோயின் மிகக் கொடிய பகுதி இதுவென்றே கருதுகிறோம். இதற்கு ஒப்பான ஒன்று விமானத் துறையில் நடந்தது. 1974 டிசம்பர் முதல் நாள், வாஷிங்டனை நெருங்கிய ஒரு பயணிகள் விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேரும் மாண்டனர். தரையிறங்கும் வரைபடமும் கட்டுப்பாட்டு அறையின் சொற்களும் தந்த பொருள்மயக்கமே காரணம். ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே மயக்கத்தில் அதே மலையில் மோதாமல் நூலிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தம் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகள் அனைவரையும் எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்குச் சொல்ல வழி இருக்கவில்லை.

அதன் பின் அமெரிக்க விமான ஆணையம், தப்பிப்பிழைத்த செய்திகளைத் தனக்கு எழுதி அனுப்புமாறு விமானிகளைக் கேட்டது. தண்டிக்கும் கையே செய்தி வாங்கும் கையாகவும் இருந்தால் எவர் எழுதுவார்? நம்பிக்கை பிறக்கவில்லை. எனவே 1976இல் அப்பொறுப்பு நாசாவிடம் தரப்பட்டது. நாசாவுக்கு எவரையும் தண்டிக்கும் அதிகாரமில்லை. எழுதியவர் பெயர் நீக்கப்படும். செய்தி மட்டும் எல்லாருக்கும் போகும். வேண்டுமென்று செய்யாத பிழையைப் பத்து நாளுக்குள் எழுதியவர்க்கு அபராதத்திலிருந்து விலக்குண்டு. இலட்சக்கணக்கில் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள்.

சிவகாசிக்கு ஒரு நாசா எங்கே கிடைக்கும் என்று சிரிக்க வேண்டாம். இம்மண்ணில் அதற்கு மூத்த ஒன்று இருந்தது. அதன் பெயர் மகமை. விருதுபட்டியிலும் சிவகாசியிலும் வணிகர்கள் தம் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொதுவில் செலுத்தினார்கள். உறவின்முறை கூடிக் கணக்கு வாசித்தது. ஒருவர் கொடுப்பது அவர்க்கே தெரியாத அளவு சிறிது. சேர்ந்தால் பள்ளியாயிற்று, கிணறாயிற்று. விருதுநகரில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து நடத்திய, காமராசரும் படித்த சத்திரிய வித்தியாசாலையின் வரலாறு இங்கே எவர்க்கும் புதிதன்று. தனியொருவரால் தாங்க முடியாததை எல்லாரும் சிறிது சிறிதாகத் தாங்குவது என்ற கணக்கை இவ்வூர் வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கிறோம். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் சில காசு மகமை. அந்தப் பணம் ஒன்றே ஒன்றுக்கு: ஆபத்தைச் சொல்லி ஓர் அறை நின்றால், நின்ற நேரத்துக்கு அந்த அறையிலிருப்போர் அனைவர்க்கும் கூலி. சொன்னது தவறாகப் போனாலும் கூலி. இதனால் தோழியின் பசி அவர் வாயை அடைக்காது. ஐந்தாறு அறை வைத்திருக்கும் சிறு முதலாளியும் நட்டத்தை எண்ணி முகம் சுளிக்க வேண்டியிராது. இன்னொரு மகமை, பணமில்லாதது. புகைந்தது, சூடேறியது, அணைத்தது என்று ஒவ்வோர் ஆலையும் தனக்கு நேர்ந்து தப்பியதைப் பொதுவில் செலுத்த வேண்டும். ஆலையின் பெயர் வேண்டாம். எந்த மருந்து, எந்த நேரம், எப்படிப்பட்ட வானிலை, எவர் முதலில் கண்டார் என்பது போதும். வாரந்தோறும் அது தமிழில் எல்லா அறைகளிலும் வாசிக்கப்பட வேண்டும். வாங்கிக்கொள்வது உரிமம் தரும் அலுவலகமாகவோ முதலாளிகள் சங்கமாகவோ இருக்கலாகாது. இங்குள்ள பொறியியல் கல்லூரியொன்றின் வேதியியல் துறை செய்யலாம். கலைக் கல்லூரித் தமிழ்த்துறைக்கும் வேலையிருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி, சொன்னவரின் மொழியில், அலுவலக நடையாக்கிக் கெடுக்காமல் எழுதித் தருவது சிறிய வேலையன்று.

பெண்கள் சொல்வார்களா என்ற ஐயம் வரும். மகளிர் சுய உதவிக் குழுக்கூட்டம் நடக்கும் எந்தத் தெருவிலாவது ஒரு மாலை நின்று பார்த்தவர்க்கு அந்த ஐயம் வராது. கடன் தவணை தவறியவரையும் குழுக்கணக்கில் பிசகிய தலைவியையும் முகத்துக்கு நேரே கேட்பவர்கள்தாம் மறுநாள் அறைக்குள் போனதும் ஊமையாகிறார்கள். இடம்தான் ஊமையாக்குகிறது. ஆகையால் செய்தி வாங்கும் இடம் ஆலைக்குள் இருக்க வேண்டியதே இல்லை. அந்தக் குழுக்கூட்டமாகவே இருக்கலாம்.

பழைய மகமையின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு சமூகத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கே. இன்று மருந்தைத் தொடும் கைகள் பல சாதியினருடையவை; பெரும்பகுதி பெண்களுடையவை. புதிய மகமையின் கணக்கு வாசிக்கப்படும் கூடத்தில் அவர்கள் அமர்ந்திருக்கவில்லையென்றால் அது இன்னொரு நலநிதியாகி, ஆண்டுவிழாவில் சால்வை போர்த்திக்கொள்வதோடு முடியும். உள்குத்தகையும் இதனால் தானே ஒழிந்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. ஒளிந்து நடப்பது மகமை செலுத்த வராது. அங்கே அரசின் கை நீண்டுதான் ஆக வேண்டும். ஆனால் ஒழுங்காக நடத்த விரும்பும் ஆலைகளும் இங்கே பல இருக்கின்றன; அவற்றுக்கேனும் வாய் திறப்பது நட்டமாக இருக்கக்கூடாது.

இவ்வூரால் மாற முடியாது என்று சொல்வோரிடம் நமக்குச் சொல்ல ஒன்றுண்டு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இந்த வறண்ட மண்ணில் ஊன்றினார்கள். நம் காலத்திலும், நீதிமன்றம் கேட்டதும், நீரி நிறுவனம் வகுத்த பசுமைப் பட்டாசுக் கலவைக்குத் தம் பழைய மருந்துக் கணக்கை மாற்றிக்கொண்ட ஆலைகள் பல. வேதியியலையே மாற்றிக்கொள்ள முடிந்த ஊர் இது.

ஒன்று மட்டும். ஆடிப்பெருக்கன்று சிவகாசிக் கடைகளில் பூசை போட்டு விற்பனை தொடங்கிவிட்டால் அதன் பின் இங்கே எவர்க்கும் எதற்கும் செவியிராது. புரட்டாசி, ஐப்பசியில் லாரி காத்து நிற்கும்போது போய் மகமை பற்றிப் பேசினால், 'தீபாவளி முடியட்டும் சார்' என்பார்கள். தீபாவளி முடிந்தபின் ஆலைகள் மீண்டும் திறந்து, அடுத்த ஆண்டுக் கூலியும் விலையும் பேசி முடிவாகும் சில வாரங்கள் உண்டு. பெட்டிக்கு எத்தனை காசு, நின்ற மணிக்கு எவ்வளவு கூலி என்பதை அப்போதே, தொழிலாளர் தரப்பையும் உட்காரவைத்துப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.